சுப்பர் குளூவும் கறுத்தக் கொழும்பானும்

என்னோடு வேலை செய்த பெண்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. காலையில் பூப்படமும் சாமிப்படமும் வரும். பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்துவிடுவேன். போன மாதம் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒருவர் மாமரக் கொப்பொன்றைச் சரிவாக வெட்டுகிறார். அதன்மேல் ஒரு தோடங்கொப்பை வைத்து, சுப்பர் குளூ நாலு சொட்டு விட்டு, பத்து எண்ணும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த காட்சியில் அந்தக் கொப்பில் ஆறு தோடம்பழம் ஆரஞ்சு நிறத்தில் தொங்குகிறது. பழத்தைக் கட்டிய நைலோன் நூல்கூட வடிவாகத் தெரிகிறது. வெட்டிய கைக்குச் சொந்தக்காரர் முகத்தைக் காட்டவில்லை. அந்தளவுக்காவது வெட்கம் இருந்திருக்கிறது.

கீழே ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: “அக்கா, இது சரிவருமா? வீட்டிலை ஒரு டியூப் கிடக்கு.”

“செருப்பு ஒட்டுங்கோ” என்று பதில் போட்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் இன்னும் நாலு வீடியோ அனுப்பினார்கள். ஒருவர் தண்ணீர்க் குழாய் பொருத்துகிற பசை பூசுகிறார். ஒருவர் தச்சன் பாவிக்கிற வெள்ளைப் பசை. ஒருத்தி நகப்பூச்சு. இன்னொருவர் பற்பசை, மரத்துக்கு வாய் நாறுகிறதென்று நினைத்தாரோ தெரியாது. குசினியிலும் குளியலறையிலும் கிடக்கிற எல்லாம் மரத்துக்குப் போகிறது. அந்தத் தங்கச்சி திரும்பவும் எழுதினார்: “இவ்வளவு பேர் செய்யினம். நீங்கள் மட்டும் ஏலாது எண்டு சொன்னால் எப்பிடி? காரணத்தை எழுதுங்கோவன்.”

எழுதுகிறேன். காரணத்துக்குள்ளே நான் செய்த பிழை ஒன்றும் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் இதுவும் அந்த வீடியோ மாதிரித்தான் இருக்கும்.

நான் வேலை செய்தது ஒரு நாற்றுப் பண்ணையில். பெயர் வேண்டாம். இன்றைக்கும் அது நடக்கிறது, நல்ல பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். மேட்டு நிலம். பின்வேலியோடு நின்றால் துறைமுகத்துக்குள் கப்பல் திரும்புவது தெரியும். நாட்கூலிக்குச் சேர்ந்து முதல் ஆறு மாதம் என்னைக் கன்றுக்குக் கிட்டவே விடவில்லை. பூவரசங்கொப்பும் கிளுவைத்தடியும் வெட்டித் தந்து, சீவு என்றார்கள். சீவினேன். இடது பெருவிரலில் இன்றைக்கும் மூன்று வெட்டு அடையாளம் இருக்கிறது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

பயிற்சி தந்தவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பண்ணைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜப்பார் சேர், கிண்ணியாக்காரர். மெலிந்த மனிதர், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. செத்துப்போன ஒட்டுக்கன்றை எறிய விடமாட்டார். எல்லாவற்றையும் சட்டியோடு தூக்கி வந்து ஒரு நீள மேசையில் வரிசையாக வைக்க வேண்டும். கட்டினவரைக் கூப்பிடுவார். கட்டை அவிழ்த்து, பொருத்தின இடத்தைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து முன்னால் வைப்பார்.

“பாருங்க புள்ள. ஏன் செத்த?”

“தெரியாது சேர்.”

அவர் எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார். வந்து உட்கார்ந்து, அதே குரலில், “ஏன் செத்த?” என்று கேட்பார். கன்றைப் பார்க்காமல் அவரைப் பார்த்து விடை சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். ஒருநாள் காலையில் தொடங்கி மத்தியானச் சோறு வரைக்கும் ஒரு கன்றுக்கு முன்னால் நான் நின்றிருக்கிறேன். கடைசியில் தெரிந்தது: ஆப்பு மாதிரிச் சீவின கொப்படியின் ஒரு பக்கம் நகக்கண் அளவுக்கு நீளம் கூடிப்போய், உள்ளே காற்று நின்றிருக்கிறது. சொன்னதும், “ம்” என்றார். அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

அவர் அடிக்கடி சொல்கிற ஒன்று இருந்தது. “ஒட்டுக்கண்டு எண்ட பேர வெச்சவன்ட பிழைதான் புள்ள எல்லாம். நாம ஒட்டுறல்ல. கட்டுற. ஒட்டுறது மரம்.”

இந்த ஒரு விஷயம் விளங்காததால்தான் இத்தனை வீடியோ. ஒட்டு என்றதும் இவர்களுக்குப் பசை நினைவுக்கு வருகிறது. உடைந்த கோப்பையையும் மாமரத்தையும் ஒன்றாக நினைக்கிறார்கள். கோப்பைக்கு உயிரில்லை, பிடித்தால் போதும். மரம் அப்படி இல்லை. மாங்கன்றின் பட்டைக்குக் கீழே, தண்டைச் சுற்றி, கடதாசியைவிட மெல்லிய ஈரமான பச்சைப் படலம் ஒன்று இருக்கிறது. மாறிழையம் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். மரத்தில் புதிதாக வளருகிற இடம் அதுதான். அடிக்கன்றின் படலமும் மேலே வைக்கிற கொப்பின் படலமும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொட்டால் இரண்டும் வளர்ந்து ஒன்றுக்குள் ஒன்று போகும், பிறகு கீழேயிருந்து தண்ணீர் மேலே ஏறும். இடையில் எதை வைத்தாலும் ஏறாது. இந்த ஆட்கள் இடையில்தான் குளூவை ஊற்றுகிறார்கள்.

ஒழுங்கான முறை இதுதான். மேல்கொப்பு எடுக்கப் போகிற தாய்மரத்தில், வெட்டுவதற்குப் பத்து நாளுக்கு முதலே இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், காம்பு மட்டும் நிற்கட்டும். காம்பு தானாக உதிர்ந்து, நுனி மொட்டு பொருமி வருகிற நாளில் வெட்டி, ஈரச்சீலையில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். அடிக்கன்று பென்சில் மொத்தத்துக்குத் தடித்திருக்க வேண்டும். நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டுத் தலையை வெட்டி, நடுவில் பெருவிரல் நீளத்துக்குப் பிளக்க வேண்டும். மேல்கொப்பின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரிச் சீவ வேண்டும், பக்கத்துக்கு ஒரே இழுப்பு. இரண்டாவது தரம் இழுத்தால் மேடும் பள்ளமும் வரும். ஆப்பைப் பிளவுக்குள் இறக்கி, ஒரு பக்கப் பட்டையாவது பட்டையோடு நேராக நிற்கும்படி வைத்து, பொலித்தீன் நாடாவால் கீழேயிருந்து மேலே இறுக்கிச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஓடு போட்ட கூரை மாதிரி மழைத்தண்ணீர் வெளியே வழியும். மேலே ஒடுக்கமான பொலித்தீன் பையால் மூடிக் கட்டி, நிழலில் வைத்துவிட்டுத் தொடாமல் இருக்க வேண்டும். தொடாமல் இருப்பதுதான் ஆகக் கஷ்டம். குருத்து விட்டதும் பையின் மூலையை வெட்டவேண்டும். தண்டு மொத்திக்கிற நேரத்தில் நாடாவைக் கீறிவிடவேண்டும், இல்லாவிட்டால் கழுத்தை இறுக்கிவிடும். பசை காய்ந்தால் கல்லு மாதிரி. தண்டு மொத்தித்தால் அது என்ன செய்யும் என்று யோசிக்க, வீடியோ எடுக்கிறவர்களுக்கு நேரமில்லை.

வேறு எதையும் பாவிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் எங்களுக்கு நாடா வராது, மெழுகு வராது. கடைப்பைகளைக் கழுவிக் காயவைத்துக் கீலங்கீலமாக வெட்டிக் கட்டியிருக்கிறோம். சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியிருக்கிறோம். தேவாலயத்தில் எரிந்து மிஞ்சின மெழுகுதிரி அடிகளை உருக்கி, கொப்பின் நுனியை மூடியிருக்கிறோம். அந்தக் காலத்தில்தான் ஜப்பார் சேருக்கும் பசையில் ஒரு யோசனை வந்தது. ஒரு போத்தல் வெள்ளைப் பசையும், எங்கேயோ தேடிப்பிடித்த இரண்டு டியூப் சுப்பர் குளூவும் கொண்டுவந்தார். என்னிடம் பத்துக் கன்றுக்கு நுனியில் மட்டும் வெள்ளைப் பசை பூசச் சொன்னார். பத்துக்குப் பொருத்துகிற இடத்தில் நாடா இல்லாமல் சுப்பர் குளூ மட்டும்.

நுனியில் பூசினவை பிழையில்லை. மெழுகு செய்கிற வேலையைப் பசை செய்தது. மற்றப் பத்தும் முதல் இரண்டு கிழமை அழகாக நின்றன. மூன்று கன்றில் குருத்துக்கூட விட்டது. “சேர், பிடிச்சிட்டுது” என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

“கொப்புக்குள்ள இருக்கிற சாப்பாட்டத் திண்டு குருத்து உடுது. இன்னும் பத்து நாள் பொறுங்க” என்றார்.

பத்து நாள் போகவில்லை, எல்லாம் கறுத்துவிட்டன. மேசையில் வைத்துப் பிளந்தார். பொருத்தின இடத்தில் கண்ணாடித் தகடு மாதிரிப் பசை நின்றது. கீழேயும் ஈரம் தொடவில்லை, மேலேயும் தொடவில்லை. அந்தமுறை அவர் ஏன் செத்தது என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்தது தெரியாமல் நடந்ததில்லை.

ஜப்பார் சேர் ஓய்வில் போனார். சண்டை முடிந்து, இடம்பெயர்ந்து போன சனங்கள் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். புதிதாக ஒரு பொறுப்பதிகாரி வந்தார். படித்தவர், மரியாதையானவர், சட்டை மடிப்புக் கலையாதவர். எல்லாரையும் “அம்மா, அம்மா” என்றுதான் கூப்பிடுவார். கன்று வைத்த பாத்திக்குள் அவர் இறங்கி நான் கண்டது இரண்டு தரம். இரண்டு தரமும் கூட ஒரு கமெராக்காரர் வந்திருந்தார்.

திரும்பி வந்த குடும்பங்களுக்கு வீட்டுக்கொரு கறுத்தக் கொழும்பான் ஒட்டுக்கன்று கொடுப்பதென்று ஒரு திட்டம். கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அறைக்குள் ஒரு பழத்தை வைத்தால் வாசம் வாசல் வரைக்கும் தெரியும். விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள், உட்துறைமுகப் பக்கம் ஒரு மண்டபம், பெரிய ஆட்கள் வருகிறார்கள். அந்த நாளுக்கு முதல் எங்களால் கட்டிப் பிடிக்கவைக்கக்கூடிய கன்று பாதிகூட இல்லை. அதை அவரிடம் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே மேசை லாச்சியைத் திறந்தார். பெட்டி பெட்டியாகச் சுப்பர் குளூ.

“அம்மா, இனிக் கட்டத் தேவையில்லை. இது நவீன முறை. அரை நிமிஷத்திலை ஒரு கன்று. நாடாவும் தெரியாது, பார்க்கவும் துப்புரவு.”

நான் சொன்னேன்: “சேர், இது முந்திச் செய்து பார்த்தனாங்கள். பிடிக்காது. மூண்டு கிழமை பச்சையா நிக்கும், பிறகு செத்துப்போம்.”

“அது பழைய பசையா இருக்கும். இது வேற கெமிக்கல்.”

“பசை எதெண்டாலும் இடையிலை போட்டால் தண்ணி ஏறாது சேர்.”

அவர் கோபப்படவில்லை. நல்ல மரியாதையாக, “நீங்கள் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள் அம்மா?” என்று கேட்டார்.

எட்டு என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவருடைய மேசையில் ஒரு கடதாசிக் கோவை கிடந்தது. நாட்கூலிக்காரரில் யார் யாரை நிரந்தரமாக்கலாம் என்று அவர் பரிந்துரை எழுதி அனுப்ப வேண்டிய கோவை. என் பெயரும் அதில் இருந்தது. பதினேழு வருஷம் காத்திருந்த பெயர். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நானும் இன்னும் இரண்டு பெண்களும் அந்தக் கன்றுகள் எல்லாவற்றையும் ஒட்டினோம். ஒட்டினோம் என்ற சொல் அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகப் பொருந்தியது. அந்தப் பசையின் மணம் கண்ணுக்குள் ஏறும். விரலும் விரலும் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் தோல் வரும். நாலு நாளில் முடித்தோம். மூன்றாம் கிழமை சொல்லிவைத்தாற்போலக் குருத்து விட்டது. அதிகாரி பாத்திக்குள் இறங்கினார், அது இரண்டாவது தரம். குருத்தைச் சுட்டிக்காட்டியபடி நின்று படம் எடுத்தார். எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “இப்ப என்ன சொல்லுறீங்கள் அம்மா?” என்றார்.

நான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

விழாவில் என்னையும் மேடையில் ஏற்றினார்கள். பெண் தொழிலாளி ஒருவர் கையால் கொடுத்தால் படத்துக்கு நல்லதாம். பிளவுஸ் இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். பேச்சு முடிய ஒவ்வொருவராக வந்தார்கள். கன்றைத் தூக்கிக் கையில் கொடுப்பேன், கமெராவைப் பார்ப்பேன், அடுத்த ஆள். எந்தக் கன்றும் மாரி காணாது என்று தெரிந்துகொண்டுதான் கொடுத்தேன்.

பண்ணையில் மிஞ்சி நின்றவை அடுத்த பத்து நாளைக்குள் கறுத்தன. அதிகாரி பாத்திக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, “நீங்கள் தண்ணி ஒழுங்கா விடேல்லைப் போல” என்றார். மேசையில் வைத்துப் பிளக்கச் சொல்லவில்லை. குழியில் போட்டு மூடச் சொன்னார். அந்த வருஷமே பதவி உயர்வோடு இடமாற்றம் பெற்றுப் போனார். எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது.

ஒட்டுக்கன்றின் மேல்கொப்பு செத்தால் கன்று முழுதாகச் சாவதில்லை என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். அடிக்கன்று உயிரோடுதான் இருக்கும். அது கட்டுக்குக் கீழேயிருந்து தன் சொந்தக் குருத்தை விடும். அடிக்கன்று என்பது ஏதோவொரு புளி மாங்கொட்டையில் முளைத்தது. வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு அது தெரியாது. காய்ந்த நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, பிள்ளையார் காப்பாற்றினார், கன்று தப்பிவிட்டது என்று தண்ணீர் ஊற்றுவார்கள். காய்க்கிற வருஷம் வரைக்கும் ஊற்றுவார்கள்.

நான் அவர்களைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். ஐந்து வருஷம் நினைக்காமல் இருந்தேன். ஒரு வைகாசியில் ஒரு வயதான பெண் பண்ணை வாசலில் வந்து நின்றார். சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். பெயர் யோகம்மா. கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் சின்னச் சின்ன மாம்பழம்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பழமொன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

“பிள்ளை, இதுக்கு என்ன பசளை போட்டால் இனிக்கும்?”

பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

“கறுத்தக் கொழும்பான். நீங்கள்தான் தந்தனீங்கள். நல்லாக் காய்க்குது, அதிலை குறையில்லை. ஆனால் புளிப்பெண்டால் பல்லுக் கூசுது, முழுக்கத் தும்பு. மாட்டெரு போட்டனான், சாம்பல் போட்டனான், மீன் கழுவின தண்ணியும் விட்டனான். முதல் பழத்தைக் கோயிலுக்குக் குடுத்தனான். ஐயர் ஒண்டும் சொல்லேல்லை. மற்ற நாள் பார்த்தால் ஆட்டுக்கு முன்னாலை கிடக்கு.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். பிழை தன்னுடைய பராமரிப்பில் என்றே நம்பியிருந்தார். நான் பழத்தை நறுக்கக்கூட இல்லை.

“அக்கா, ஞாயிற்றுக்கிழமை வந்து மரத்தைப் பாக்கிறன்” என்றேன்.

போனேன். வளவு முன்பக்கம் மரம் நின்றது, கூரை உயரம், நல்ல நிழல். அங்கே நின்ற காய்க்கிற முருங்கையைத் தறித்துவிட்டுத்தான் கன்றை வைத்தாராம். வீட்டுக் கிணறு உப்பாகிப் போனதால், மூன்றாம் வீட்டுக் கிணற்றில் அள்ளி, மூன்று வருஷம் நாளுக்கு இரண்டு குடம் சுமந்தாராம். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் குனிந்து அடியைப் பார்த்தேன். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் கீழே தண்டு ஒரு பக்கம் வளைந்து கிளம்பியிருந்தது. வளைவின் மறுபக்கத்தில் பட்டை மூடின ஒரு முண்டு. எங்கள் கொப்பு செத்த இடம் அது.

“அக்கா, இது கறுத்தக் கொழும்பான் இல்லை.”

“பண்ணையிலை மாறித் தந்திட்டினமோ?”

இந்த இடத்தில் ஓம் என்று சொல்லியிருக்கலாம். மாறிப்போச்சுது என்றால் எல்லாருக்கும் விளங்கும், யாருக்கும் நோகாது. நான் அந்த அதிகாரியை ஐந்து வருஷமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள். சொல்ல வாயெடுத்தபோதுதான், அவரும் இப்படித்தான் ஒவ்வொரு இடத்திலும் இலேசான விடையைச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார் என்று பட்டது.

“இல்லையக்கா. சரியான கொப்புத்தான் வைச்சனாங்கள். ஆனால் கட்டேல்லை, பசை போட்டு ஒட்டினனாங்கள். அது செத்து, கீழை இருந்த புளி மாங்கன்று வளந்திருக்கு.”

“பசை போட்டால் சாகும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியும்.”

“ஆர் ஒட்டினது?”

“நான்தான். நானும் இன்னும் ரெண்டு பேரும்.”

யோகம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “ஓம். நீங்கள்தான் மேடையிலை நிண்டு கையிலை தந்தனீங்கள். சிரிச்சுக்கொண்டு தந்தனீங்கள்” என்றார்.

அவர் ஏசவில்லை. உள்ளே போய்விட்டார். குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் முற்றத்தில் நின்றேன். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. வெகுநேரம் கழித்து வெளியே வந்து, “இதை இனி என்ன செய்யலாம்?” என்று கேட்டார்.

“தலையை வெட்டி, வாற குருத்துகளிலை கறுத்தக் கொழும்பானைக் கட்டலாம்.”

“வெட்டவோ? அஞ்சு வருஷம் வளர்த்த மரம்.”

“அடி நிக்கும் அக்கா. அஞ்சு வருஷ வேர் வீணாப் போகாது.”

“திரும்பவும் பசையோ?”

இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை.

அவர் யோசித்து ஆள் அனுப்பப் பத்து நாள் எடுத்தார். நான் வாள் கொண்டுபோய்த் தலையை நெஞ்சு உயரத்தில் தறித்தேன். ஒரு கிளையை மட்டும் மூச்சுக்காக விட்டேன், எல்லாவற்றையும் வெட்டினால் மரம் சோர்ந்துவிடும். வெட்டுவாய்களில் வெள்ளைப் பசைதான் பூசினேன். அது காற்றும் தண்ணீரும் போகாமல் மூடுவதற்குத்தான், அந்த வேலைக்கு அது போதும். யோகம்மா அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், நம்பியதாகத் தெரியவில்லை.

மூன்று மாதத்தில் குருத்துகள் பென்சில் மொத்தத்துக்கு வந்தன. பண்ணைத் தாய்மரத்தில் பத்து நாளுக்கு முதல் இலை கிள்ளிவைத்து, மேல்கொப்பு எடுத்து, ஈரச்சீலையில் சுற்றி, காலையில் முதல் பஸ்ஸில் போனேன். ஏழு குருத்தில் கட்டினேன். கதிரையில் ஏறி நின்று, குருத்துகளுக்கு நடுவில் கையை நீட்டி ஆப்பு இறக்குவது சட்டியில் செய்கிற மாதிரி இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்த வேலை, ஒவ்வொரு வெட்டையும் இரண்டு தரம் பார்த்துத்தான் சீவினேன். யோகம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஆப்பு இரண்டாவது இழுப்பு வாங்கிவிட்டது. அதை எறிந்துவிட்டு வேறு கொப்பு எடுத்தேன். “அது நல்லாத்தானே இருந்தது” என்றார் யோகம்மா. “இல்லையக்கா” என்றேன். அன்றைக்கு எங்களுக்கிடையே நடந்த கதை அவ்வளவுதான்.

மாரி அந்தமுறை பிந்தாமல் வந்து கொட்டியது. இரண்டில் கட்டுக்குள் தண்ணீர் போய் அழுகியது. ஒன்றின்மேல் காகம் குந்தி முறித்தது. ஒன்று காரணம் தெரியாமல் செத்தது. அதை எடுத்துப்போய் வீட்டில் பிளந்து பார்த்தேன், ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. மூன்று நின்றன. அடுத்த வருஷம் போய் இன்னும் நாலு கட்டினேன், மூன்று பிடித்தது. நாடா கீறப் போனேன், கீழேயிருந்து கிளம்பிய புளிமாக் குருத்துகளை ஒடிக்கப் போனேன். ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி தந்தார். அவர் என்னோடு இருந்து குடித்ததில்லை.

மற்ற வீடுகளுக்கு நான் போகவில்லை. யார் யார் வாங்கினார்கள் என்ற பட்டியல் பண்ணையில் எங்கோ இருந்திருக்கும். தேடிப் பார்த்தேன் என்று சொன்னால் பொய்.

ஓய்வுபெற்ற பிறகு, ஒரு நாள் நிலாவெளிக்குப் போகிற பஸ்ஸில் இருந்தேன். சாம்பல்தீவில் யோகம்மா ஏறினார். இடம் வேறு இருக்கவில்லை, எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். மடியில் ஒரு பனையோலைக் கடகம், மேலே பேப்பர் போட்டு மூடியிருந்தது.

“சுகமோ அக்கா?”

“ஓம், இருக்கிறன்.”

“மரம் காய்ச்சதோ?”

“காய்ச்சது.”

“இனிப்போ?”

“நல்ல இனிப்பு” என்றார். சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடகத்துக்குள் என்ன இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அந்த வாசம் பஸ் முழுக்கத் தெரிந்தது. முன்சீற்றில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நிலாவெளிக்குள் தன் மகள் வீட்டுக்குக் கிட்டவுள்ள பஸ் தரிப்பு வந்ததும் யோகம்மா கடகத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எழுந்தார். “வாறன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு ஒரு பழம் தரவில்லை. தந்திருந்தால் எப்படி வாங்குவதென்று எனக்குத் தெரிந்திருக்காது.